‘தவிர’ என்று எழுதியிருக்கிறீர்கள்

கேள்வி: என் மகன் பத்தாம் வகுப்பு படிக்கிறான். தினமும் ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு பிஜிஎம்ஐ என்ற துப்பாக்கிச் சண்டை கேம் ஆடுகிறான். கூட ஆடுபவன் சொதப்பினால் “டேய் காலனி”, “காலனிப் பயலே” என்று கத்துகிறான். எங்கள் வீட்டில் யாரும் அப்படிப் பேசியதே இல்லை, மாமனார் டிவியில் செய்தி பார்க்கும்போது எப்போதாவது சொல்வதைத் தவிர. கண்டித்தால், “மொழி மாறிக்கிட்டே இருக்கும்மா. கேம்ல அதுக்கு நூப், ஆடத் தெரியாதவன்னுதான் அர்த்தம்” என்கிறான். கணவரும் அவன் பக்கம்தான். போனைப் பிடுங்கிவிடலாமா?
– ஒரு தாய், ஈரோடு மாவட்டம்

பதில்: சகோதரி, கேமைப் பற்றி இவ்வளவு கவலைப்பட்டிருக்கிறீர்கள். மாமனாரைப் பற்றி அரை வரிதான். எனக்கு அந்த அரை வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

இந்தத் ‘தவிர’வை எத்தனையோ கடிதங்களில் பார்த்துவிட்டேன். என் கணவர் குடிக்கவே மாட்டார், விசேஷ நாள் தவிர. கை நீட்டியதே இல்லை, அந்த ஒரு முறை தவிர. எழுதுகிறவர்களுக்கு அது சின்ன விஷயம். வீட்டில் இருக்கிற பிள்ளை அதைத்தான் கவனித்துக்கொண்டிருக்கிறது. உங்கள் மகன் அந்தச் சொல்லை எங்கேயோ இருக்கிற முகம் தெரியாத பையனிடம் கற்றான் என்று நினைக்கிறீர்கள். ஹாலில், சோபாவில், தாத்தா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டிருக்கிறான். அவர் சொன்னபோது நீங்கள் யாரும் வாய் திறக்கவில்லை என்பதையும் பார்த்திருக்கிறான்.

மொழி மாறும் என்கிறானே, அது உண்மைதான். அவனை உட்கார வைத்து அதையே முழுசாகச் சொல்லிக் கொடுங்கள். சேரி என்றால் ஒரு காலத்தில் மக்கள் சேர்ந்து வாழ்கிற இடம், அவ்வளவுதான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டில் கம்மாளர்கள் குடியிருந்த இடத்துக்குக் கம்மாணச்சேரி என்று பெயர். பிறகு ஊர் தனி, சேரி தனி என்று பிரித்து வைத்தவர்கள் பேசிப் பேசி அந்தச் சொல்லைக் கெடுத்தார்கள். அப்புறம் ‘காலனி’ வந்தது. லத்தீனில் பிறந்து ஆங்கிலம் வழியாக வந்த சொல். குடியிருப்பு என்பதைத் தவிர அதில் ஒன்றுமே கிடையாது. அரசாங்கம் ஊருக்கு வெளியே வரிசையாக வீடு கட்டிக் கொடுத்த இடங்களுக்கு அந்தப் பெயர் விழுந்தது. கொஞ்ச நாளில் அதுவும் வசவாகிவிட்டது. அதே நேரத்தில் ஆசிரியர் காலனி, ரயில்வே காலனி என்று முகவரி எழுதுகிறவர்களுக்கு எந்த உறுத்தலும் இல்லை. ஒரே எழுத்துகள்தான். யார் குடியிருக்கிறார்கள் என்பதைப் பொறுத்து ஒரு இடத்தில் கௌரவம், இன்னொரு இடத்தில் கேவலம்.

2025 ஏப்ரலில் முதலமைச்சர் ஸ்டாலின், ‘காலனி’ என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்தார். அது தீண்டாமையின் குறியீடாகவும் வசைச்சொல்லாகவும் ஆகிவிட்டது என்பதுதான் அவர் சொன்ன காரணம். அர்த்தமே போய்விட்ட சொல் என்றால் ஒரு மாநில அரசு எதற்காக அதைத் தூக்க வேண்டும்? உங்கள் மகனைக் கேளுங்கள்.

நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பில் இரண்டு செல்வம். வாத்தியார் ஒருவனைச் செல்வம் என்பார், இன்னொருவனைக் காலனி செல்வம் என்பார். அடையாளத்துக்குத்தான் என்று எங்களுக்கும் தோன்றியது, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவன் ‘உள்ளேன் ஐயா’ சொல்லும்போது தலை நிமிர்ந்து நான் பார்த்ததில்லை. அதற்கு என்ன காரணம் என்று யோசிக்க எனக்கு முப்பது வயதாக வேண்டியிருந்தது. உங்கள் மகனுக்கு அவ்வளவு நாள் கொடுக்காதீர்கள்.

அந்தக் கேமில் ஒரு ஸ்குவாடில், அதாவது அணியில், நான்கு பேர். ரேண்டமாகச் சேர்கிற மூன்று பேரும் எந்தத் தெருவில் உட்கார்ந்து ஆடுகிறார்கள் என்று அவனுக்குத் தெரியுமா? அடிபட்டு நாக் ஆனவனை எழுப்பி ரிவைவ் பண்ணவில்லை என்று இவன் கத்துகிற கத்தல் நேராக ஒரு பையனின் காதுக்குள் போகிறது. அந்தப் பையன் நிஜமாகவே காலனியில் இருக்கலாம். அவன் அதை நூப் என்று கேட்க மாட்டான். உங்கள் மாமனார் எந்த அர்த்தத்தில் சொல்கிறாரோ அந்த அர்த்தத்தில்தான் கேட்பான். பதில் பேசாமல் மைக்கை ஆஃப் செய்துவிடுவான். இவனோ, யாரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை என்று நம்பிக்கொண்டு அடுத்த மேட்சுக்குப் போய்விடுவான்.

போனைப் பிடுங்குவது பற்றிக் கேட்டீர்கள். 2020 செப்டம்பரில் பப்ஜியை மத்திய அரசே தடை செய்தது. அடுத்த ஆண்டு அதே கேம் பிஜிஎம்ஐ என்ற பெயரில் வந்தது. 2022 ஜூலையில் அதுவும் முடக்கப்பட்டு, 2023 மே மாதம் திரும்பி வந்தது. கேம் போய்ப் போய் வந்தாலும் ஆடுகிறவர்கள் வாயிலிருந்த வசவு அப்படியேதான் இருந்தது. ராத்திரி நேரத்தைக் குறைப்பது நல்லது, அது அவன் கண்ணுக்கும் படிப்புக்கும். இந்த விஷயத்துக்கு அது மருந்து கிடையாது.

முதலில் மாமனாரிடம் பேசியாக வேண்டும். பேச வேண்டியவர் உங்கள் கணவர். மகன் பக்கம் நின்று பேசுகிற மனிதர், தன் அப்பா முன்னால் நின்று ஒரு வாக்கியம் பேச மாட்டாரா? அப்பாவுக்கு மாத்திரை வாங்கித் தருவது, ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது எல்லாம் பிள்ளையின் கடமை என்றால், அவர் வாயிலிருந்து வரும் அழுக்குப் பேரன் வாய்க்குப் போகாமல் தடுப்பதும் கடமைதான். “அப்பா, இந்த வீட்டில் இனி அந்த வார்த்தை வேண்டாம்.” இவ்வளவு போதும். தனியாகக் கூப்பிட்டு மெல்லச் சொல்கிற வேலையெல்லாம் வேண்டாம். பேரன் அதைக் கேட்டது ஹாலில், வேண்டாம் என்பதையும் அவன் ஹாலிலேயே கேட்கட்டும். கணவர் மறுத்தால் நீங்கள் சொல்லுங்கள். மருமகள் எப்படிச் சொல்வது என்று என்னைக் கேட்காதீர்கள். அந்தப் பையனுக்கு நீங்கள் தாய்.

அதற்கு அப்புறம் மகனிடம் வாருங்கள். உங்களிடம் ‘சாரிம்மா’ என்றால் ஏற்றுக்கொள்ளாதீர்கள், அவன் திட்டியது உங்களை இல்லை. யாரைத் திட்டினானோ அவனிடம், அதே மைக்கில் சொல்லச் சொல்லுங்கள். அந்த ரேண்டம் பையன்கள் போய்விட்டார்கள் என்றால், கூட ஆடுகிற வகுப்புப் பையன்களிடம் சொல்லட்டும். சிரிப்பார்கள். சிரிக்கட்டும், அவன் சொல்லட்டும்.

மாமனார் கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருப்பார், சாப்பிட வராமலும் இருக்கலாம். சமாதானம் செய்யப் போகாதீர்கள். அவர் தட்டை மட்டும் நேரத்துக்கு எடுத்து வையுங்கள்.