உங்கள் செயலியின் வேலையை இயங்குதளமே செய்ய வந்தால்

கேள்வி: குரல் பதிவை எழுத்தாக மாற்றும் செயலியை மூன்று ஆண்டுகளாகத் தனியாளாக நடத்துகிறேன். அதே வசதி இயங்குதளத்தின் அடுத்த பதிப்பில் இலவசமாக வருகிறதாம். விலையைக் குறைப்பதா, கடையைக் கட்டுவதா?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம். இலவசத்தோடு விலையில் மோதி யாரும் ஜெயித்ததில்லை. மூடுவதற்கும் அவசரமில்லை.

இது பழைய கதை. 2002-ல் வந்த ஆப்பிளின் ஷெர்லாக் 3 என்ற தேடல் மென்பொருள், வாட்சன் என்ற வெளியார் மென்பொருள் செய்துவந்ததையே கிட்டத்தட்ட அப்படியே செய்தது. அன்றிலிருந்து இப்படி அடிபடுவதை ‘ஷெர்லாக் ஆகிவிட்டது’ என்றே டெவலப்பர்கள் சொல்கிறார்கள். 2013-ல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 7 டார்ச்சோடு வந்ததும் டார்ச் செயலிகளின் தேவை போயிற்று. ஆனால் 2017-ல் ஆப்பிளின் குறிப்புச் செயலியான நோட்ஸுக்குள்ளேயே ஸ்கேன் வசதி வந்தபோது ஸ்கேன் செயலிகள் சாகவில்லை. டார்ச் வெறும் பொத்தான். ஸ்கேன் அப்படியல்ல, எடுத்த தாளுக்குப் பெயரிட வேண்டும், அடுக்க வேண்டும், நாலு மாதம் கழித்துத் தேடி எடுக்க வேண்டும்.

உங்களுடையது எந்த வகை? இருவர் குறுக்கே குறுக்கே பேசும் ஒரு மணி நேரப் பேட்டியை உங்கள் செயலியிலும், இயங்குதளத்தின் புதிய பதிப்புக்கு முன்னோட்டமாக வரும் பீட்டாவிலும் போட்டுப் பாருங்கள். பேசியவர் யார் என்று பிரிகிறதா? ஒரு சொல்லைத் தொட்டால் அந்த நொடியின் ஒலி கேட்கிறதா? தப்பாக விழுந்த ஊர்ப்பெயரை ஒருமுறை திருத்தினால் எல்லா இடத்திலும் மாறுகிறதா? பீட்டா எங்கே தடுமாறுகிறதோ அங்கேதான் இனி உங்கள் பிழைப்பு. எங்கேயுமே தடுமாறவில்லை என்றால், கடையைக் கட்டும் பேச்சை அப்போது எடுக்கலாம்.

அடுத்து, குரலை எழுத்தாக்கும் அந்த எஞ்சினை ஏபிஐயாக, அதாவது வெளியார் செயலிகளும் அழைத்துப் பயன்படுத்தும் வழியாக, தருகிறார்களா என்று பாருங்கள். நோட்ஸில் இருந்த ஸ்கேன் திரையை ஐஓஎஸ் 13-ல், 2019-ல், எல்லா டெவலப்பர்களுக்கும் திறந்துவிட்டார்கள். உங்களுக்கும் அப்படி அமைந்தால் சர்வர் செலவு பெருமளவு மிச்சம்.

உண்மையான அநியாயம் வேறு: இயங்குதள நிறுவனத்தின் சொந்தச் செயலிக்கு மட்டும் கிடைக்கும் அனுமதிகள். ஐரோப்பிய ஒன்றியத்தின் டிஜிட்டல் சந்தைச் சட்டம், ‘கேட்கீப்பர்’ (சந்தையின் வாசலைக் கையில் வைத்திருப்பவர்) என்று அறிவிக்கப்பட்ட பெரு நிறுவனங்கள் அவற்றை வெளியாருக்கும் இலவசமாகத் திறந்துவிட வேண்டும் என்கிறது. உங்கள் பயனர்கள் அங்கே இருந்தால் கேட்டுப் பாருங்கள். சீக்கிரம் கிடைக்கும் என்று நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஆண்டுச் சந்தா கட்டியவர்களுக்கு இந்த வாரமே எழுதுங்கள். அவர்கள் செய்தியில் படித்துவிட்டு உங்களிடம் கேட்கும்வரை காத்திருக்க வேண்டாம்.