'யூ மஸ்ட் பே' என்றால் விருந்தினர் முகம் ஏன் மாறுகிறது?

கேள்வி: அறுகம்பேயில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் வரவேற்பில் வேலை செய்கிறேன். "யூ மஸ்ட் பே நவ்" என்று சொன்னால் வெள்ளைக்காரர்களுக்கு முகம் மாறுகிறது. அவர்கள் தங்களுக்குள் "கொட்டா, கொட்டா" என்று பேசுகிறார்கள். நானும் அப்படிச் சொல்லலாமா? - பொத்துவில் வாசகர்

பதில்: உங்கள் இலக்கணத்தில் பிழை இல்லை, தம்பி. நேரே நிற்பவரிடம் 'யூ மஸ்ட்' என்றால், 'நான் சொல்கிறேன், நீ செய்' என்பதுபோலக் கேட்கும். முற்பணம் வாங்குவது விடுதியின் விதி. உங்கள் கட்டளை இல்லை. விதியைச் சொல்ல 'யூ ஹேவ் டு பே இன் அட்வான்ஸ்' போதும். வரவேற்பில் நிற்பவருக்கு அதைவிட நல்லது 'யூல் நீட் டு பே இன் அட்வான்ஸ்'. ஒரு 'ப்ளீஸ்' சேர்த்தால் யாரும் கோபிக்கமாட்டார்கள்.

அதற்காக 'மஸ்ட்'டை விரட்டிவிடவும் வேண்டாம். 'யூ மஸ்ட் ட்ரை அவர் க்ராப் கறி' என்று சொல்லிப் பாருங்கள், சிரிப்பார்கள். கேட்பவருக்கு நன்மை தரும் விஷயமென்றால் அதே 'மஸ்ட்' அன்பான வற்புறுத்தலாகிவிடும்.

'கொட்டா' என்பது 'ஹேவ் கொட் டு' பேச்சில் சுருங்கியது. 'ஐ கொட்டா கோ' என்றால் எனக்குப் போகவேணும். உங்களைப் பற்றியோ கூட்டாளிமாரிடமோ தாராளமாகச் சொல்லலாம். விருந்தினரிடம் காசு கேட்கும்போதும் மின்னஞ்சலிலும் வேண்டாம். இதற்கு இறந்தகாலம் கிடையாது. நேற்றைய கதைக்கு 'ஐ ஹேட் டு கோ', நாளைக்கு 'ஐல் ஹேவ் டு கோ'.

நம்மவர்களை அதிகம் ஏமாற்றுவது 'யூட் பெட்டர்' ('யூ ஹேட் பெட்டர்' என்பதன் சுருக்கம்). 'பெட்டர்' இருப்பதால் மென்மையான ஆலோசனை என்று நினைக்கிறோம். உண்மையில் 'செய்யாவிட்டால் பிரச்சினை வரும்' என்ற எச்சரிக்கை அதற்குள் இருக்கிறது. 'யூட் பெட்டர் பே' என்பது மிரட்டலுக்குப் பக்கத்தில் நிற்கும். கடல் கொந்தளிக்கும் நாளில் 'யூட் பெட்டர் நொட் ஸ்விம் டுடே' என்றால் மிகப் பொருத்தம்.

அறைக்குள் புகைப்பவரிடம், 'சொறி, யூ ஆர் நொட் சப்போஸ்ட் டு ஸ்மோக் ஹியர்'. விதியைத்தான் காட்டுகிறீர்கள், ஆளை அதட்டவில்லை.

எதிர்மறையில் மட்டும் கவனம். 'யூ மஸ்ட்ன்ட் பே டுடே' என்றால் இன்று காசு கட்டவே கூடாது என்று தடுப்பதாகிவிடும். கட்டத் தேவையில்லை, நாளைக்குத் தரலாம் என்றால் 'யூ டோன்ட் ஹேவ் டு பே டுடே, டுமாரோ இஸ் ஃபைன்'.