ஐடிஐ படிக்கிற மகன் கையில் எப்பவும் போன்: பிடுங்கி வைக்கலாமா?

அண்ணே, வணக்கம். மன்னார்குடியில் ஐடிஐ எலக்ட்ரீசியன் முதல் வருஷம் படிக்கிற மகன் ராத்திரி பதினோரு மணி வரைக்கும் யூடியூப், வாட்ஸ்அப்னு கிடக்கிறான், போனைப் பிடுங்கிடவான்னு கேட்டிருக்கீங்க. வேண்டாம். முதல்ல பக்கத்துல உட்கார்ந்து என்ன பார்க்கிறான்னு பாருங்க.

கும்பகோணம் பக்கம் மோட்டார் காயில் கட்டுற பட்டறை வெச்சிருக்கேன். ஐடிஐ பசங்கதான் உதவிக்கு வர்றாங்க. வகுப்புல வைண்டிங், அதாவது காயில் கட்டுறதை, செஞ்சு காட்டும்போது பின்னாடி நிக்கிறவனுக்கு வாத்தியார் கை அசைவு தெரியாது. பெரிய மோட்டாரை ஓடத் தொடங்க வைக்கிற ஸ்டார்-டெல்டா ஸ்டார்ட்டர் கனெக்‌ஷனை வீடியோவில் நிறுத்தி நிறுத்தி, தமிழ் விளக்கத்தோட எத்தனை தடவை வேணும்னாலும் பார்க்கலாம். தியரி பரீட்சையும் இப்போ கம்ப்யூட்டரில்தான், சரியான விடையைத் தேர்ந்தெடுக்கிற மாதிரி. அந்தக் கேள்விகளை வாட்ஸ்அப் குரூப்பில் பகிர்ந்துக்கறாங்க. பொன்மலை ரயில்வே பணிமனை, திருச்சி பெல் (BHEL) நிறுவனத்தோட அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) அறிவிப்புகூட அதுலதான் முதல்ல வருது. விவசாயக் குடும்பத்துப் பையனுக்கு இதையெல்லாம் சொல்ல வீட்டில் வேற யார் இருக்கா?

ரீல்ஸ்ல பொழுது போறதும் உண்மைதான். எனக்கு அதைவிடப் பெரிய பயம், மெயினை அணைக்காம வயரைத் தொடுற வித்தை வீடியோக்கள். அப்புறம், அப்ரண்டிஸ் இடம் வாங்கித் தரேன்னு பணம் கேட்கிற மெசேஜ். எந்த அறிவிப்பு வந்தாலும் அந்த நிறுவனத்தோட சொந்த இணையதளத்தில் இருக்கான்னு அவனையே தேடச் சொல்லுங்க. பத்து மணிக்கு மேல போன் கூடத்துல சார்ஜுல கிடக்கட்டும்.