சேத்துப்புண்ணு தானேன்னு விடாதீங்க: வாசகர் கேள்விகளும் டாக்டர் பதில்களும்

கேள்வி: என் வீட்டுக்காரருக்கு வயசு 52, விவசாயம், ஆறு வருஷமா சுகர் இருக்கு. ஒவ்வொரு நடவுக்கும் கால் விரல் இடுக்குல சேத்துப்புண் வரும், அதுவா போயிடும்னு விட்டுடுவார். போன மாசம் திடீர்னு குளிர் நடுக்கம், காய்ச்சல், தொடை இடுக்குல நெறி கட்டி முழங்கால் வரைக்கும் செவந்து வீங்கிடுச்சு. அட்மிட் பண்ணி ட்ரிப்ஸ்ல மருந்து ஏத்தினாங்க. விரல் இடுக்கு வழியாத்தான் கிருமி ஏறிடுச்சுன்னு அங்க சொன்னாங்க. இவ்வளவு சின்ன புண்ணு இப்படி பண்ணுமா? திரும்ப வருமா? (திருத்துறைப்பூண்டி பக்கத்துல இருந்து ஒரு வாசகி)

பதில்: பண்ணும்மா. அவங்க சொன்னது சரிதான். சேத்துப்புண்ணு பூஞ்சையால வர்றது, அந்த பூஞ்சை தோலோட மேல் அடுக்கைத்தான் தின்னும், ரத்தத்துக்குள்ள எல்லாம் போகாது, அதனாலதான் எல்லாரும் இதை லேசா எடுத்துக்கறாங்க. ஆனா அது இடுக்குல தோலை ஊற வெச்சு வெள்ளையா பிரிச்சு வெடிப்பு விட்டுடுது பாருங்க, முக்கியமா சுண்டு விரலுக்கும் அதுக்கு அடுத்த விரலுக்கும் நடுவுல, அங்கதான் வேற பாக்டீரியா கிருமிங்களுக்கு கதவு திறக்குது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ், ஸ்டெஃபைலோகாக்கஸ் மாதிரி கிருமிங்க அந்த வெடிப்பு வழியா தோலுக்கு அடியில இறங்கி பரவுறதுதான் உங்க வீட்டுக்காரருக்கு வந்தது, செல்லுலைட்டிஸ்னு சொல்லுவோம். கால் வீங்கி வர்றவங்களோட விரலை விரிச்சுப் பார்த்தா நிறைய பேருக்கு உள்ள சேத்துப்புண் இருக்கும், யாரும் அதுவரைக்கும் அந்த இடத்தைப் பார்த்தே இருக்க மாட்டாங்க.

திரும்ப வருமான்னு கேட்டீங்க. வர்றதுக்கு நல்லாவே வாய்ப்பு இருக்கு, ஏன்னா ஒரு தடவை வந்தாலே காலுல நிணநீர் ஓடுற குழாய்ங்க கொஞ்சம் கெட்டுப்போகும், நீர் சரியா வடியாம வீக்கம் தங்கும், வீக்கம் தங்குன காலுல அடுத்த தடவை இன்னும் சுலபமா வரும், இப்படியே சுத்திக்கிட்டு இருக்கும். அதனால வீக்கம் வடிஞ்சு காய்ச்சல் நின்னதோட வைத்தியம் முடிஞ்சுதுன்னு நினைக்காதீங்க, அந்த விரல் இடுக்கு முழுசா ஆறணும், அதுவும் வைத்தியத்துல சேர்ந்ததுதான். சிலருக்கு வருஷத்துல ரெண்டு மூணு தடவை வரும், அவங்களுக்கு பென்சிலின் மாதிரி மருந்தை மாசக்கணக்குல தொடர்ந்து கொடுக்கிறதும் உண்டு, அதை டாக்டர்தான் முடிவு பண்ணணும்.

சுகர் வேற இருக்குன்னு சொன்னீங்க, அதுதான் எனக்கு பெரிய கவலை. சுகர் நாள்பட நாள்பட கால்ல உணர்ச்சி மரத்துப்போகும், வெடிச்சிருக்கும் ஆனா வலிக்காது, வலிக்கலன்னா மனுஷன் குனிஞ்சு பார்க்க மாட்டான். அது ஆழமா போய் எலும்பைத் தொட்டுட்டா விரலை எடுக்கிற நிலைமை வரைக்கும் போகலாம். தயவுசெஞ்சு தினமும் ராத்திரி அவர் காலை நீங்க வெளிச்சத்துல வெச்சு ஒவ்வொரு இடுக்கா விரிச்சுப் பாருங்க. செவப்பு, சூடு, நீர்க்கொப்புளம், நாத்தம், கறுத்துப்போறது, நடுக்கத்தோட காய்ச்சல், இதுல எது இருந்தாலும் காலையில பார்த்துக்கலாம்னு இருக்காம அப்பவே ஆஸ்பத்திரிக்கு போங்க. போறதுக்கு முன்னாடி செவப்போட ஓரத்தை பேனாவால கோடு போட்டு வெச்சுக்கங்க, எவ்வளவு வேகமா ஏறுதுன்னு டாக்டருக்கு உடனே தெரியும்.

யானைக்கால் வீக்கம் இருக்கிறவங்களுக்கும் இது பொருந்தும், அவங்களும் இதைப் படிக்கணும். அவங்களுக்கு அடிக்கடி காய்ச்சலோட கால் செவந்து வலிக்கிறது இருக்கே, அது யானைக்கால் நோயைக் கொண்டு வர்ற புழுவோட வேலைன்னுதான் பலர் நினைக்கிறாங்க. பெரும்பாலும் விரல் இடுக்கு வழியா போற பாக்டீரியாதான் காரணம். தினமும் சோப்பு போட்டுக் கழுவி, இடுக்கெல்லாம் ஈரம் போக ஒத்தி, பூஞ்சைக்கான கிரீம் தடவிக்கிட்டு வந்தாலே அந்த காய்ச்சல் வர்றது நல்லா குறையும். ஆரம்ப சுகாதார நிலையத்துல கேளுங்க, காலை பராமரிக்க பேசின், சோப்பு, துண்டு, மருந்துன்னு ஒரு கிட் அரசாங்கத் திட்டத்துல கொடுக்கறாங்க.

கேள்வி: டாக்டர், வயசு 26, ஸ்ரீபெரும்புதூர்ல கம்பெனி வேலை, 12 மணி நேரம் சேஃப்டி ஷூ. விரல் இடுக்குல அரிப்புன்னு மெடிக்கல் ஷாப்ல ஒரு கிரீம் வாங்கினேன், ரெண்டே நாள்ல சரியாச்சு, நிறுத்தினதும் வந்துடுச்சு, இப்படியே பல மாசம் ஓடுது. இப்போ தொடை இடுக்குலயும் படர்தாமரை. என்ன பண்றது?

பதில்: தம்பி, முதல்ல அந்த ட்யூப்பை எடுத்து பின்னாடி பொடி எழுத்துல என்ன போட்டிருக்குன்னு படிங்க. குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், பெக்ளோமெத்தசோன், இதுல ஏதாவது ஒண்ணு இருந்தா அது ஸ்டீராய்டு. பூஞ்சை மருந்து, பாக்டீரியா மருந்து, ஸ்டீராய்டு எல்லாத்தையும் ஒரே ட்யூப்ல கலந்து விக்கிறது நம்ம ஊர்ல சாதாரணமா நடக்குது, எனக்கு மனசு ரொம்ப கொதிக்கிற விஷயம் இது. ஸ்டீராய்டு அரிப்பையும் செவப்பையும் அமுக்கிடும், அதனால சரியாயிடுச்சுன்னு தோணும், ஆனா அந்த இடத்துல உடம்போட எதிர்ப்பையும் சேர்த்து அமுக்குறதால பூஞ்சை நிம்மதியா பரவும். தொடை இடுக்குல தொடர்ந்து போட்டா தோல் மெலிஞ்சு வரி வரியா கோடு விழும், அந்தக் கோடு அப்புறம் முழுசா மறையாது.

கால்ல இருந்து தொடைக்கு எப்படி போச்சுன்னா, ஒரே துண்டால காலையும் துடைச்சு மேலயும் துடைச்சிருப்பீங்க, இல்லன்னா ஜட்டி போடும்போது புண்ணு இருக்கிற விரல் அதுல உரசியிருக்கும். சாக்ஸை முதல்ல போட்டுட்டு அப்புறம் ஜட்டி போடுங்க, கேட்க ஒரு மாதிரி இருந்தாலும் உண்மையிலேயே உதவும். காலுக்குத் தனித் துண்டு வெச்சுக்கங்க.

வெறும் இடுக்குல மட்டும் இருந்திருந்தா டெர்பினாஃபின் கிரீம் ஒண்ணு ரெண்டு வாரம், இல்ல குளோட்ரிமசோல் நாலு வாரம், ஸ்டீராய்டு கலக்காதது, அரிப்பு நின்னாலும் நிறுத்தாம போடுங்கன்னு சொல்லியிருப்பேன். உங்களுக்கு தொடைக்கும் பரவிட்டதால தோல் டாக்டரை நேர்ல பாருங்க. இந்தியாவுல இப்போ உடம்புலயும் தொடையிலயும் வர்ற படர்தாமரைக்குப் பெரும்பாலும் காரணமா இருக்கிற பூஞ்சைக்கு 2020ல ட்ரைக்கோஃபைட்டன் இன்டோட்டினியேன்னே பேர் வெச்சாங்க, அது பல பேருக்கு டெர்பினாஃபினுக்கே மசியிறது இல்ல. அதனால தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ரோஸ்கோப்ல பார்த்துட்டு மாத்திரை கொடுக்கிறது நல்லது. கடையில நீங்களா மாத்திரை வாங்கிப் போடாதீங்க, லிவரைப் பாதிக்கிற மருந்தும் இதுல இருக்கு.

ஷூவை ரெண்டு ஜோடி வெச்சு மாத்தி மாத்திப் போடுங்க, ஒரே ஷூ ராத்திரிக்குள்ள உள்ள காயாது. கம்பெனியில ஒரு ஜோடிதான் தர்றாங்கன்னா உள்ள பாதத்துக்கு அடியில இருக்கிற அட்டையையாவது (இன்சோல்) கழட்டிக் காத்தாட போடுங்க. மதிய இடைவேளையில சாக்ஸ் மாத்துங்க, பையில ஒண்ணு எக்ஸ்ட்ரா இருக்கட்டும். போட்ட சாக்ஸை சுடுதண்ணியில துவைச்சு வெயில்ல காயப் போடணும்.

கேள்வி: சேத்துப்புண்ணுக்கு மருதாணி அரைச்சு வெப்போம், சிலர் மண்ணெண்ணெய் கூட தடவுறாங்க. சரியா?

பதில்: மண்ணெண்ணெய் வேண்டவே வேண்டாம், வெந்து போன தோல் மேல இன்னொரு தடவை வேக வெக்கிற வேலை அது. மருதாணி இலையை அரைச்சு வெக்கிறது நம்ம பாட்டி காலத்துல இருந்து இருக்கு, அந்த இடம் கொஞ்சம் வறண்டு சுகமா இருக்குன்னு சொல்றவங்க நிறைய பேர், ஆனா அதை மட்டும் நம்பி பூஞ்சையை ஒழிக்க முடியாது, வெடிப்பு விட்டு ரத்தம் தெரியிற இடத்துல வெக்கவே கூடாது. கடையில விக்கிற கறுப்பு மருதாணி கூடாது, அதுல சாயம் கலந்திருக்கும், சிலருக்கு கொப்புளமே போட்டுடும். நீர் வடியிற புண்ணுன்னா பொட்டாசியம் பெர்மாங்கனேட்டை இளம் ரோஸ் கலர்ல கரைச்சு கால் மணி நேரம் காலை வெக்கச் சொல்லுவோம், அதுவும் சில நாள்தான், நீர் நின்னதும் நிறுத்திடணும். ஒரு துகள் கூட கரையாம நிக்கக் கூடாது, கரையாத துகள் தோலைச் சுட்டுடும்.

கேள்வி: கால் கட்டை விரல் நகம் மஞ்சளாகி தடிச்சுப் போச்சு, வலி இல்ல. பார்க்கணுமா? (62 வயது வாசகி)

பதில்: பாருங்கம்மா. விரல் இடுக்குல இருந்த பூஞ்சை நகத்துக்குள்ள குடியேறியிருக்கலாம், அங்க இருந்துகிட்டு புண்ணு ஆறின இடுக்குக்குத் திரும்பத் திரும்ப வந்துக்கிட்டே இருக்கும். நகத்துக்கு சாதாரண கிரீம் உள்ள இறங்காது, மாத்திரைன்னா சுமாரா 12 வாரம் சாப்பிடணும், நல்ல நகம் முழுசா வளர ஒரு வருஷத்துக்கு மேலயே ஆகும். நகம் தடிச்சிருக்கிறது எல்லாமே பூஞ்சையும் இல்ல, அதனால டெஸ்ட் பண்ணிட்டு ஆரம்பிங்க.

கேள்வி: சேத்துலதான் பொழப்பு, காலை காய வைங்கன்னு சொன்னா எப்படி டாக்டர்?

பதில்: நியாயமான கேள்வி. நடவுல கம் பூட்ஸ் போட்டா சேத்துலயே சிக்கிக்கும்னு எனக்கும் தெரியும், அதனால போடுங்கன்னு சொல்ல மாட்டேன். புண்ணு இல்லாத காலா இருந்தா இறங்குறதுக்கு முன்னாடி விரல் இடுக்குல வாஸ்லினோ தேங்காய் எண்ணெயோ தடவிக்கங்க, தோல் ஊறுறது கொஞ்சம் குறையும். கரையேறினதும் வாய்க்கால் தண்ணியில அலசிட்டு விட்டுடாம வீட்டுல நல்ல தண்ணியும் சோப்பும் போட்டுக் கழுவி, பழைய பருத்தித் துணியால ஒவ்வொரு இடுக்கையும் ஒத்தி எடுங்க. சாயங்காலம் ஈரக் காலோட ரப்பர் செருப்புல நிக்காம கொஞ்ச நேரம் காத்துல நீட்டி உட்காருங்க. ராத்திரி கிரீம் தடவி விரல் நடுவுல சின்னதா சுத்தமான துணி வெச்சுட்டுப் படுத்தா விரல் ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது. ஏற்கெனவே வெடிப்பு விட்டு ரத்தம் வருதுன்னா, முடிஞ்ச வரைக்கும் அது மூடுற வரை சேத்துல இறங்காம வரப்பு வேலை, களத்து வேலைன்னு மாத்திக் கேளுங்க. சுகர் இருக்கிறவங்களா இருந்தா இதை கண்டிப்பா கேளுங்க, வேலை கொடுக்கிறவங்களும் கொஞ்சம் விட்டுக் கொடுங்க.