வாய் திறக்காத வகுப்பை என்ன செய்வது? ஆங்கிலம் கற்பிப்பவர்களுக்கான கேள்வி பதில்

ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றுக்கொடுக்க ஆரம்பித்து 19 வருடம் ஆகிறது. பள்ளிப் பிள்ளைகள், வேலைக்குப் போகிற பெரியவர்கள் என்று இரண்டு தரப்பையும் பார்த்தாயிற்று. வகுப்பை எப்படிச் சுவாரசியமாக்குவது என்று வந்து குவிந்த கேள்விகளில் அடிக்கடி வந்தவற்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒரே மாதிரி கேட்டவர்களை ஒரே கேள்வியில் சேர்த்துவிட்டேன், கோபித்துக்கொள்ள வேண்டாம்.

மேடம், கேள்வி கேட்டால் மொத்த வகுப்பும் தலையைக் குனிந்துகொள்கிறது. கடைசியில் நானே பதிலையும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போகிறேன். என்னதான் செய்வது?

கேட்டுவிட்டு எத்தனை நொடி காத்திருக்கிறீர்கள்? ஒரு நாள் மனதுக்குள் எண்ணிப் பாருங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளின் ஒலிப்பதிவுகளைக் கேட்டு இதை அளந்தார். ஆசிரியர்கள் சராசரியாக ஒரு நொடிதான் பொறுத்திருந்தார்கள். அதை மூன்று நொடியாக நீட்டியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசினார்கள். 1970களில் வந்த முடிவு இது. நம் மாணவருக்கோ கேள்வியைப் புரிந்துகொள்ளும் வேலை, பதிலை யோசிக்கும் வேலை, அதை ஆங்கிலத்தில் கோக்கும் வேலை என்று மூன்று இருக்கின்றன. ஐந்து நொடியாவது கொடுங்கள். அந்த அமைதி உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும்.

அப்புறம், பதிலை முதலில் பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லச் சொல்லுங்கள், பிறகு வகுப்புக்குச் சொல்லட்டும். பிராங்க் லைமன் 1981இல் முன்வைத்த வழி இது. ஒரு முறை சொல்லிப் பார்த்த வாக்கியத்தை எழுந்து சொல்வதற்குப் பயம் பாதியாகிவிடும்.

இதெல்லாம் செய்தும் பலன் இல்லையென்றால் கேள்வியைச் சந்தேகப்படுங்கள். பேனாவைத் தூக்கிக் காட்டி 'இது என்ன?' என்கிறோம். அது பேனா என்று நமக்குத் தெரியும், அவர்களுக்கும் தெரியும், நமக்குத் தெரியும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். இதற்கு எதற்காக ஒருவர் வாயைத் திறக்க வேண்டும்? ஒருவரிடம் இருக்கும் தகவல் இன்னொருவரிடம் இல்லாதபோதுதான் பேச்சு பிறக்கிறது. ஒரே அறையின் இரண்டு படங்களை எடுத்துக்கொள்ளுங்கள், எட்டு வித்தியாசம் இருக்கட்டும். ஆளுக்கு ஒன்று கொடுத்து, ஒருவர் படத்தை மற்றவர் பார்க்காமல் வித்தியாசங்களைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். 'உன் படத்தில் மேசைக்கு அடியில் பூனை இருக்கிறதா?' என்று உண்மையிலேயே கேட்டாக வேண்டும். கீழே நான் சொல்லப்போவதில் பாதி இந்த ஒரு விஷயத்தின் வேறு வேறு வடிவங்கள்தான்.

பாட்டு, வீடியோ, விளையாட்டு எல்லாம் போட்டுப் பார்த்துவிட்டேன் அக்கா. அந்த நேரத்துக்குக் கும்மாளம், மறுநாள் ஒன்றும் நினைவில்லை.

நானும் முதல் நான்கைந்து வருடம் இப்படித்தான் கூத்தடித்தேன். விளையாட்டு முடிந்ததும் ஒன்றை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்: ஒவ்வொரு மாணவரும் எத்தனை முழு வாக்கியம் பேசினார்? போர்டில் கோடு போட்டு, எழுத்து எழுத்தாகச் சொல்லைக் கண்டுபிடிக்கும் விளையாட்டை நினைத்துப் பாருங்கள். 40 பேர் அரைமணி நேரம் 'ஈ இருக்கா, ஏ இருக்கா' என்று கத்துகிறார்கள். ஒரு வாக்கியம்கூட வரவில்லை. அதைக் கடைசி ஐந்து நிமிடம் இளைப்பாற வைத்துக்கொள்ளுங்கள், பாடமாக எண்ணாதீர்கள்.

45 பேர், 45 நிமிடம் என்றால், ஒவ்வொருவராக எழுந்து பேசினால் ஆளுக்கு ஒரு நிமிடம், அதுவும் நீங்கள் வாயே திறக்காமல் இருந்தால். இருவர் இருவராகப் பத்து நிமிடம் பேசவிட்டால் ஆளுக்கு ஐந்து நிமிடம் கிடைத்துவிடுகிறது.

என் வகுப்பில் 58 பேர். பெஞ்சு தரையோடு பொருத்தியது. இருவர் இருவராக என்று சொல்வது எளிது, இடம் எங்கே இருக்கிறது?

நகர வேண்டாம், திரும்பினால் போதும். ஒன்று, மூன்று, ஐந்தாம் வரிசைகள் பின்பக்கமாகத் திரும்பி உட்காரட்டும். இப்போது அவர்களுக்குப் போர்டு தெரியாது, எதிரே இருக்கிற இரண்டு, நான்கு, ஆறாம் வரிசைகளுக்குத் தெரியும். போர்டில் ஒரு படம் வரையுங்கள்: வீடு, இரண்டு ஜன்னல், இடது பக்கம் மரம், மரத்தடியில் நாய், மேலே மூன்று பறவை. பார்க்கிறவர் சொல்ல வேண்டும், பார்க்காதவர் வரைய வேண்டும். சொல்கிறவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்பது விதி. அதை விட்டுவிட்டால் எல்லாம் ஜாடையிலேயே முடிந்துவிடும். 'ஆன், அண்டர், பிஹைண்ட், நெக்ஸ்ட் டு' எல்லாவற்றையும் நீங்கள் கேட்காமலேயே அவர்கள் தேடுவார்கள். ஐந்து நிமிடம் கழித்து இடம் மாறி, வேறு படம்.

விதிகளை நீளமாக விளக்காதீர்கள். இரண்டு பேரை முன்னால் அழைத்துச் செய்து காட்டினால் 30 நொடியில் வகுப்புக்குப் புரிந்துவிடும். நிறுத்த ஒரு அடையாளமும் வேண்டும், நான் கையைத் தூக்கிக்கொண்டு சும்மா நிற்பேன். சத்தம் வரும். பக்கத்து வகுப்பு ஆசிரியரிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

வகுப்பில் தமிழ் பேசலாமா, கூடாதா?

பேசலாம். ஒரு அருவச் சொல்லை ஆங்கிலத்தில் விளக்கப் பத்து நிமிடம் போராடுவதைவிட தமிழில் ஒரு சொல்லில் சொல்லிவிட்டு, மிச்ச நேரத்தில் அந்தச் சொல்லைப் பயன்படுத்த வைப்பது மேல். ஆனால் 'கதவை மூடு', 'புத்தகத்தைத் திற', 'புரியவில்லை, இன்னொரு முறை சொல்லுங்கள்' போன்ற அன்றாடப் பேச்சு கண்டிப்பாக ஆங்கிலத்தில் இருக்கட்டும். வகுப்பில் தினமும் உண்மையாகத் தேவைப்படுகிற ஆங்கிலம் அதுதான். தமிழில் பேசினால் அபராதம் என்பதெல்லாம் வேண்டாம். பிள்ளைகள் ஆங்கிலம் பேச மாட்டார்கள், பேசுவதையே நிறுத்துவார்கள்.

பாஸ்ட் டென்ஸ் விதிகளைத் தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார்கள். பேசும்போது 'ஐ டிட் வென்ட்' என்கிறார்கள். எங்கே தப்பு?

விதி தெரிவது ஒன்று, பேச்சின் வேகத்தில் அது கைகொடுப்பது வேறொன்று. இரண்டாவதற்கு, அந்த டென்ஸ் இல்லாமல் நடக்கவே முடியாத ஒரு வேலை வேண்டும். என் கைவசம் இருப்பதிலேயே பிடித்தமானது போலீஸ் விசாரணை. நேற்று இரவு 7 மணிக்கும் 10 மணிக்கும் நடுவில் ஒரு திருட்டு. சந்தேகம் இரண்டு பேர் மேல். அந்த நேரம் முழுக்க இருவரும் ஒன்றாக வேறு இடத்தில் இருந்ததாகச் சொல்ல வேண்டும். அவர்கள் வெளியே போய் ஐந்து நிமிடம் கதை கட்டட்டும். உள்ளே மற்றவர்கள் குழுவாகக் கேள்வி தயாரிக்கட்டும். எங்கே போனீர்கள், எதில் போனீர்கள், யார் பணம் கொடுத்தது, அவர் என்ன நிறச் சட்டை போட்டிருந்தார், வெளியே வந்தபோது மழை பெய்ததா? பிறகு ஒவ்வொருவராக உள்ளே அழைத்து விசாரணை. இரண்டு கதைக்கும் நடுவில் முரண்பாடு தெரிந்தால் குற்றவாளி.

வெளியே கதை கட்டும்போது தமிழில் பேசிக்கொள்வார்கள், கண்டுகொள்ளாதீர்கள். உள்ளே வந்தால் ஆங்கிலம் மட்டும். நான் மூலையில் உட்கார்ந்து 'டிட் யூ வென்ட்' வகைப் பிழைகளைக் குறித்துக்கொண்டே இருப்பேன். ஆட்டம் முடிந்ததும் ஆறேழு வாக்கியத்தை யார் சொன்னது என்று சொல்லாமல் போர்டில் எழுதி, வகுப்பையே திருத்தச் சொல்வேன். தீர்ப்பு மாறிவிடுமோ என்று அப்போது காட்டுகிற அக்கறை கிராமர் புத்தகத்தைத் திறந்தால் வருவதில்லை.

கொஞ்சம் தேறியவர்களுக்கு டிக்டோகிளாஸ் நல்லது. ஐந்தாறு வாக்கியமுள்ள ஒரு பத்தியை இயல்பான வேகத்தில் இரண்டு முறை படியுங்கள். முக்கியச் சொற்களை மட்டும் குறித்துக்கொண்டு, மூவர் மூவராகச் சேர்ந்து அந்தப் பத்தியைத் திரும்பக் கட்ட வேண்டும். ரூத் வைன்ரிப் 1990இல் இதை ஒரு புத்தகமாகவே விளக்கினார். 'இங்கே ஹேட் வருமா, ஹேஸ் வருமா' என்று அவர்களே சண்டை போட்டுக்கொள்வதைக் கேட்பது தனி சுகம்.

பேசும்போதே பிழையைத் திருத்தலாமா? திருத்தாவிட்டால் அதுவே பழகிவிடாதா?

ஆரம்ப காலத்தில் ஒரு பெண், தன் அண்ணனைப் பற்றி நான்கு வாக்கியம் பேச எழுந்தாள். நான்கையும் நடுவில் நிறுத்தித் திருத்தினேன், மிகச் சரியாக. அதற்குப் பிறகு அந்த வருடம் முழுக்க அவள் எழுந்திருக்கவில்லை. அந்தக் கதைக்கு என்ன முடிவு என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

சரளத்துக்கான பயிற்சி என்றால் நடுவில் நுழையாதீர்கள், பிறகு போர்டில் பாருங்கள். ஒரு குறிப்பிட்ட இலக்கணத்துக்கான பயிற்சி என்றால் உடனே திருத்தலாம், ஆனால் பதிலைக் கையில் கொடுக்காதீர்கள். ராய் லிஸ்டர், லைலா ராண்டா இருவரும் கனடாவில் பிரெஞ்சு வழி வகுப்புகளை ஆராய்ந்து 1997இல் எழுதினார்கள். ஆசிரியர்களின் திருத்தங்களில் பாதிக்கு மேல், பிழையான வாக்கியத்தைச் சரியாகத் தாங்களே திருப்பிச் சொல்வதுதான். அதற்கு மாணவர்களிடமிருந்து ஏதாவது எதிர்வினை வந்தது மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பெரும்பாலான மாணவர்கள் 'ஆமாம் டீச்சர் கேட்டுக்கொண்டார்' என்றுதான் எடுத்துக்கொள்வார்கள் போல. 'நேற்று நீ...?' என்று பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தால், அவர்களே தேடிச் சொல்கிறார்கள்.

உச்சரிப்புக்கு என்ன செய்யலாம்? சலிப்பில்லாமல்?

தமிழில் 'பின்' என்று எழுதினால் ஆங்கிலத்தின் குண்டூசியா (pin) குப்பைத்தொட்டியா (bin) என்று தெரியாது. சிக்கலின் வேர் அங்கே இருக்கிறது. இரண்டு ஒலியும் நம் வாயில் உண்டு. 'அம்பு' என்னும்போது வருவது குப்பைத்தொட்டியின் ஒலி, 'பல்' என்னும்போது வருவது மற்றது. ஆனால் தமிழில் அது சொல்லில் எந்த இடம் என்பதைப் பொறுத்துத் தானாக மாறுகிறது, பொருளை மாற்றுவதில்லை. ஆங்கிலத்தில் மாற்றுகிறது.

ஒரு மெல்லிய காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடிக்கச் சொல்லுங்கள். ஆங்கிலக் குண்டூசியைச் சரியாகச் சொன்னால் காகிதம் துள்ளும், குப்பைத்தொட்டிக்கு அநேகமாக அசையாது. பிறகு போர்டில் இரண்டு சொல்லுக்கும் 1, 2 என்று எண் போடுங்கள். நீங்கள் சொல்ல, அவர்கள் விரல் காட்டட்டும். காது பழகியபின் ஒரு மாணவர் சொல்ல, மற்றவர்கள் விரல் காட்டட்டும். தான் 1 என்று நினைத்துச் சொன்னதற்கு வகுப்பு முழுக்க இரண்டு விரல் காட்டினால், நீங்கள் திருத்தவே வேண்டியதில்லை.

இன்னொன்று, மாத்திரை. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்று நாம் ஒழுங்காக அளந்து உச்சரிப்பவர்கள். ஆங்கிலமோ அழுத்தம் விழாத உயிரை அரைகுறையாக விழுங்கிவிடும். 'டாக்ஸ் சேஸ் கேட்ஸ்' என்று மூன்று கைதட்டலில் சொல்ல வையுங்கள். பிறகு 'த டாக்ஸ் ஆர் சேஸிங் த கேட்ஸ்'. அதே மூன்று தட்டல்தான். நடுவில் உள்ள சின்னச் சொற்களை அவசரமாகச் செருக வேண்டியிருப்பதில் சிரிப்பும் வரும், ஆங்கிலத்தின் தாளமும் வரும்.

ஒரு பையன் வந்து இரண்டு மாதமாகிறது, ஒரு சொல் பேசவில்லை. பயமாக இருக்கிறது.

சொல்வதைப் புரிந்துகொள்கிறானா என்று மட்டும் பாருங்கள். புதுமொழியில் பல பிள்ளைகள் முதலில் சில மாதங்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். 'எழுந்திரு, ஜன்னலைத் தொடு, சிவப்புப் பென்சிலை அவளிடம் கொடு' என்று ஆங்கிலத்தில் சொல்லி, உடம்பால் பதில் வாங்குங்கள். ஜேம்ஸ் ஆஷர் 1960களில் வளர்த்த முறை இது. ஒரு நாள் அவனே அடுத்தவருக்குக் கட்டளை போடுவான். அதுவரை எழுப்பி நிறுத்தாதீர்கள்.

தினமும் 20 சொல் எழுதிப்போட்டு மனப்பாடம் செய்யச் சொல்கிறேன். போதுமா?

அதிகம். ஆறு சொல் போதும், ஆனால் அந்த ஆறும் மறுநாள், மூன்றாம் நாள், அடுத்த வாரம் என்று திரும்ப வர வேண்டும். ஒரு டப்பாவில் சொற்சீட்டுகளைப் போட்டுவைத்து, தினமும் முதல் மூன்று நிமிடம் ஒருவர் சீட்டு எடுத்து, சொல்லைச் சொல்லாமல் விளக்க, மற்றவர்கள் கண்டுபிடிக்கட்டும். எந்தச் சொல் என்பதும் முக்கியம். மைக்கேல் வெஸ்ட் 1953இல் வெளியிட்ட பட்டியலில் ஏறக்குறைய 2,000 சொற்குடும்பங்கள்தான், அதாவது ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் வடிவங்களும் சேர்ந்து ஒரு குடும்பம். சாதாரண எழுத்தில் வருவதில் பெரும்பகுதி அதற்குள் அடங்கிவிடும். அதை முடிக்காமல் அகராதியின் அபூர்வங்களுக்குப் போகாதீர்கள்.

ஒரே வகுப்பில் நன்றாகப் பேசுபவரும் எழுத்துக்கூட்டுபவரும் இருக்கிறார்களே?

பாடம் ஒன்று, வேலை வேறு. ஒருவர் ஐந்து சொல்லைக் கண்டுபிடித்து வட்டமிடட்டும், இன்னொருவர் கதையின் முடிவை மாற்றி எழுதட்டும். தேறியவரையே எப்போதும் குட்டி ஆசிரியராக்காதீர்கள், அவரும் கற்க வந்தவர்தான்.

பெரியவர்களுக்கு எடுக்கிறேன். பேசச் சொன்னால் எழுதி, மனப்பாடம் செய்து ஒப்பிக்கிறார்கள்.

ஒரே விஷயத்தை மூன்று பேரிடம் சொல்லச் சொல்லுங்கள். முதலாமவரிடம் நான்கு நிமிடம், அடுத்தவரிடம் மூன்று, கடைசி ஆளிடம் இரண்டு. எழுதிவைத்துப் பார்ப்பது கிடையாது. கேட்பவர் ஒவ்வொரு முறையும் புதியவர் என்பதால் திரும்பச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. மூன்றாம் சுற்றில் அந்த 'ஆ... உம்...' எல்லாம் எங்கே போயிற்று என்று அவர்களே கேட்பார்கள்.

எல்லாம் சரி டீச்சர். சிலபஸை முடிக்க வேண்டுமே, இதற்கெல்லாம் பீரியட் எங்கே?

சிலபஸைத் தள்ளிவைக்க வேண்டாம், அதையே மூலப்பொருளாக்குங்கள். உரைநடைப் பாடத்தை இரண்டாக வெட்டி, இடது பாதி வகுப்புக்கு முதல் பகுதி, வலது பாதிக்கு இரண்டாம் பகுதி என்று கொடுங்கள். பத்து நிமிடம் படிக்கட்டும். தன் பகுதியைப் பற்றி ஐந்து கேள்வி எழுதட்டும். பிறகு புத்தகத்தை மூடிவிட்டு எதிர்ப்பாதியில் ஒருவரோடு உட்கார்ந்து, ஒருவருக்கொருவர் தன் பகுதியைச் சொல்லி முடித்ததும் அந்தக் கேள்விகளைக் கேட்கட்டும். எலியட் ஆரன்சன் 1971இல் தொடங்கிய ஜிக்சா முறையின் எளிய வடிவம் இது. ஒரு பீரியட் போதும். பாடத்தின் கடைசியில் இருக்கிற வினாக்களை அதற்கப்புறம் திறந்து பாருங்கள். முக்கால்வாசியை அவர்களே எழுதியிருப்பார்கள், மிச்சம் இரண்டு மூன்றை மட்டும் நீங்கள் நடத்தினால் மறுநாள் அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம்.