வாட்ச் கணக்கும் ஆஸ்பத்திரி ஃபைலும்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: ஸ்மார்ட் வாட்ச்சில் உள்ள கணக்கையும் ஆஸ்பத்திரியில் உள்ள என் ஃபைலையும் ஆராய்ச்சிக்காரர்கள் எப்படிச் சேர்க்கிறார்கள்? பெயரை வைத்தா?

பதில்: பெயரை நம்பினால் ஒரே தெருவில் நாலு முருகேசன் இருப்பார்கள். அமெரிக்காவின் 'ஆல் ஆஃப் அஸ்' என்ற பெரிய மருத்துவ ஆய்வுத் திட்டத்தில் சேருகிறவருக்கு ஓர் ஆய்வு எண் உண்டு. மருத்துவப் பதிவுக்கு ஒரு சம்மதம், ஃபிட்பிட் (கையில் கட்டும் நடைக்கணக்குக் கருவி) கணக்கைத் திறந்துவிடத் தனிச் சம்மதம். இரண்டு தரவும் அந்த எண்ணின் கீழ் வந்துசேரும். ஆய்வாளர் கைக்குப் போகும்முன் பெயர், முகவரி நீக்கப்படும். தேதியும் அப்படியே போகாது. ஒவ்வொருவருக்கும் 1 முதல் 365 வரை ஏதோ ஓர் எண்ணைக் கணினி தேர்ந்து, அவருடைய எல்லாத் தேதிகளையும் அத்தனை நாள் பின்னுக்குத் தள்ளிவிடும். நடைக்கணக்குக்கும் மருந்துச்சீட்டுக்கும் ஒரே அளவு தள்ளல் என்பதால், நடை குறைந்து எத்தனை மாதத்தில் சர்க்கரை ஏறியது என்ற இடைவெளி மாறாது. குளிர்காலத்தில் மக்கள் குறைவாக நடக்கிறார்களா என்று ஆராய்பவர்தான் பாவம், தள்ளிய தேதியில் எது குளிர்காலம் என்றே தெரியாது. அவர் கூடுதல் கட்டுப்பாடுள்ள தரவு அடுக்குக்கு அனுமதி வாங்கினால்தான் நிஜத் தேதி கிடைக்கும்.

கேள்வி: சேர்த்து என்ன கண்டார்கள்? நடந்தால் நல்லது என்று என் பாட்டியே சொல்வார்!

பதில்: பாட்டி எத்தனை அடி என்று சொல்லவில்லையே! 2022-ல் 'நேச்சர் மெடிசின்' இதழில் வந்த ஆய்வு, சுமார் 6,000 பேரின் ஃபிட்பிட் கணக்கை மருத்துவப் பதிவோடு வைத்துப் பார்த்தது. தினமும் 8,200 அடிக்கு மேல் நடந்தவர்களுக்கு உடல்பருமன், தூக்கத்தில் மூச்சுத்தடை, மனச்சோர்வு ஆகியவை வரும் வாய்ப்பு குறைவாக இருந்தது. சர்க்கரை, ரத்த அழுத்தத்தில் 8,000–9,000 அடிக்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. ஆனால் ஆய்வில் இருந்தவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர், படித்தவர்கள், சொந்தமாக ஃபிட்பிட் வைத்திருந்தவர்கள். நாற்று நடும் பெண்ணுக்கும் இதே கணக்கு என்று நான் சொல்ல மாட்டேன்.

கேள்வி: குளிக்கும்போதும் சார்ஜ் போடும்போதும் வாட்ச்சைக் கழற்றிவிடுகிறேன். கணக்கு தப்பாகிவிடாதா?

பதில்: இந்தத் துறையில் பாதி வேலையே இதுதான். மேஜையில் கிடக்கும் வாட்ச்சும் பூஜ்ய அடி காட்டும், காய்ச்சலில் படுத்திருப்பவர் கையில் உள்ள வாட்ச்சும் பூஜ்யத்தை ஒட்டித்தான் காட்டும். அதனால் மேற்படி ஆய்வில், 10 மணி நேரமாவது கட்டியிருந்த நாளைத்தான் எடுத்துக்கொண்டார்கள். அதோடு தீராது. உடம்பு முடியாதவர்தான் வாட்ச்சைக் கழற்றி வைக்கிறார் என்றால், விடுபட்ட நாட்களே நோயின் அடையாளம். அந்த வாரம் அவர் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருந்தாரா என்று சொல்ல மருத்துவப் பதிவு வேண்டும்.

பிரிட்டனில் மக்களின் உடல்நலத் தரவை ஆய்வுக்காகச் சேர்க்கும் 'யுகே பயோபேங்க்' வேறு வழியில் போனது. 2013 முதல் 2015 வரை ஒரு லட்சம் பேருக்குத் தபாலில் மணிக்கட்டுக் கருவி அனுப்பினார்கள். திரையே கிடையாது, கட்டியவருக்கு எதுவும் தெரியாது. ஏழு நாள் கட்டிவிட்டுத் திருப்பி அனுப்ப வேண்டும். நொடிக்கு 100 முறை அசைவைப் பதிவு செய்யும் என்றால் வாரத்துக்கு 6 கோடி முறை! அதன்பின் வேலை மருத்துவப் பதிவுகளுடையது. யாருக்கு என்ன நோய் வந்தது என்று அவைதான் ஆண்டுக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தன. 2023-ல் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பார்க்கின்சன் நோய் (உடல் அசைவை மெதுவாக்கும் நரம்பு நோய்) உறுதியாவதற்கு ஏழு ஆண்டுகள் முன்பே அந்த ஒரு வார அசைவில் வேகக்குறைவு தெரிந்ததைக் காட்டினார்கள். வாட்ச் மட்டும் இருந்தாலும் ஃபைல் மட்டும் இருந்தாலும் இது வெளியே வந்திருக்காது.

கேள்வி: அப்பாவின் வாட்ச் 'துடிப்பு சீராக இல்லை' என்கிறது. நம்பலாமா?

பதில்: பதற வேண்டாம், விட்டுவிடவும் வேண்டாம். 4,19,297 பேரை வைத்து ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகம் நடத்திய 'ஆப்பிள் ஹார்ட்' ஆய்வில் 0.52 சதவீதம் பேருக்குத்தான் எச்சரிக்கை வந்தது. அவர்களில் ஈசிஜி ஒட்டுப்பட்டையை அணிந்து திருப்பி அனுப்பியவர்களில் 34 சதவீதத்தினருக்கு 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு) இருந்தது. மற்றவர்களுக்கு வந்ததெல்லாம் பொய் எச்சரிக்கை என்று அர்த்தமில்லை. இந்தக் கோளாறு வந்து வந்து போகும், பட்டை ஒட்டியதோ சில நாள் கழித்து. அப்பாவுக்கு ஈசிஜி எடுத்து மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: ஆபா எண் (அரசின் டிஜிட்டல் சுகாதாரக் கணக்கு எண்) வாங்கிவிட்டேன். என் பதிவுகள் ஆராய்ச்சிக்குப் போய்விடுமா?

பதில்: சிகிச்சைக்காகப் பதிவைப் பகிரத் தரும் அனுமதி வேறு, ஆய்வில் சேரத் தரும் சம்மதம் வேறு. யாராவது கேட்டால் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கிறதா, தமிழில் விளக்கத்தாள் தருவார்களா, நடுவில் விலகலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் கையெழுத்துப் போடாதீர்கள்.