பியானோவை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?

கேள்வி: "பிளஸ் டூ படிக்கும் என் மகள் பியானோவில் ஆறாம் கிரேடு தேர்வு முடித்திருக்கிறாள். கச்சேரி பியானிஸ்ட் ஆகணும், சொந்தமாக இசையமைக்கணும் என்கிறாள். எங்களுக்குத் தக்கலை. இதை வைத்துப் பிழைக்க முடியுமா?"

பிழைக்கலாம். ஆனால் அவள் சொன்ன இரண்டிலும் சோறு கிடைப்பது சந்தேகம், சொல்லாமல் விட்ட மூன்றாவதில்தான் கிடைக்கும். பாடம் சொல்லிக்கொடுப்பதைத்தான் சொல்கிறேன். நான் மார்த்தாண்டத்தில் பிள்ளைகளுக்குப் பியானோ கற்றுக்கொடுக்கிறேன், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிறேன், எப்போதாவது திருவனந்தபுரத்தில் ஒரு மேடை கிடைக்கும். வீட்டுச் செலவு ஓடுவது பிள்ளைகள் தரும் மாதக் கட்டணத்தில்.

இதைக் கேட்டு உங்கள் மகள் முகம் வாட வேண்டாம், பெரிய ஆட்களின் கணக்கும் இப்படித்தான். பியானோ மேதை ஷோபன் பாரிஸில் வாழ்ந்தது பாடம் எடுத்து, ஒரு பாடத்துக்கு 20 பிராங்க்; வாழ்நாள் முழுக்க அவர் பொது மேடையில் வாசித்தது 30 முறை போலத்தான். மேடை, இசை எழுதுவது, வகுப்பு என்று மூன்றையும் ஒரே காலத்தில் ஒரே அளவுக்கு நடத்தியவர்கள் ரொம்பக் குறைவு, ஏதாவது ஒன்று இன்னொன்றைத் தின்றுவிடும். இசையமைப்பாளரும் பியானிஸ்டுமான ரக்மானினோவ் 1917-இல் ரஷ்யாவை விட்டு வந்த பிறகு குடும்பத்துக்காக ஊர் ஊராக வாசிக்கப் போனார், அதற்குப் பிறகு 25 வருடங்களில் ஓபஸ் எண் (ஒருவரின் படைப்புகளுக்கு வரிசையாகப் போடும் எண்) போட்டு வந்தது ஆறே படைப்புகள். அதற்கு முன் 39! ஜெர்மன் பியானிஸ்ட் கிளாரா ஷூமன் 16 வயதில் தன் சொந்தக் கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) லைப்ஸிக்கில் இசையமைப்பாளர் மெண்டல்சன் இசைக்குழுவை நடத்த வாசித்தவர். 1856-இல் கணவர் இறந்ததும் பிள்ளைகளை வளர்க்க மேடை மேடையாக ஏறினார், எழுதுவது ஏறக்குறைய நின்றே போனது, 1878-இல் பிராங்க்ஃபர்ட்டில் ஆசிரியை வேலையும் ஏற்றுக்கொண்டார். ஊர் ஊராக வாசித்துப் புகழ்பெற்ற பியானிஸ்ட் லிஸ்ட் மட்டும் 35 வயதில், 1847-இல், காசுக்கு வாசிப்பதை நிறுத்திவிட்டு எழுத உட்கார்ந்தார், கடைசிக் காலத்தில் கட்டணமே வாங்காமல் கற்றுக்கொடுத்தார். அது எல்லோராலும் ஆகாது.

எனக்குப் பிடித்தவர் செர்னி. ஆமாம், உங்கள் மகள் முகம் சுளித்துக்கொண்டு வாசிக்கும் அந்த ஓபஸ் 299 விரல் பயிற்சிகளை எழுதிய செர்னிதான். பீத்தோவனிடம் படித்தவர், 1812-இல் அவருடைய ஐந்தாவது கான்செர்ட்டோவை வியன்னாவில் வாசித்தவர், நினைத்திருந்தால் ஊர் சுற்றும் பியானிஸ்டாக ஆகியிருக்கலாம். ஆகவில்லை. காலையிலிருந்து ராத்திரி வரை பாடம், அதற்குப் பிறகு உட்கார்ந்து எழுத்து என்று ஓபஸ் எண் 800-ஐத் தாண்டிவிட்டார். சிறுவன் லிஸ்டைக் கட்டணம் வாங்காமல் சேர்த்துக்கொண்டதும் இவர்தான். எதிரே உட்கார்ந்த பிள்ளையின் நாலாம் விரல் எழும்பாததைப் பார்த்துத்தான் இப்படிப்பட்ட பயிற்சிகளை எழுதியிருப்பார் என்பது என் ஊகம், ஏனென்றால் நானே எழுதும் சின்னச் சின்னத் துண்டுகள் அப்படித்தான் பிறக்கின்றன.

சரி, நம்ம ஊருக்கு வருவோம். குமரி மாவட்டத்தில் ஒரு பெரிய வசதி உண்டு: சர்ச் கொயரில் வளர்ந்த பிள்ளைக்கு ஆல்டோவும் டெனரும் (கொயரின் நாலு குரல்களில் நடுவில் வரும் இரண்டு) காதிலேயே இருக்கும், நாலு குரல் எப்படி நகரும் என்று புத்தகம் வைத்து விளக்க வேண்டியதில்லை. கஷ்டம் கையில். முக்கால்வாசிப் பேர், விரலால் அழுத்தும் கட்டை கனமில்லாத கீபோர்டில் பழகுகிறார்கள். பரீட்சைக்குத் திருவனந்தபுரம் போய் அங்கே நிஜப் பியானோவில் கை வைத்ததும் சத்தம் குறைத்து மென்மையாக வாசிக்க வேண்டிய இடத்தில் பாதிச் சுரம் கேட்கவே கேட்காது, பிள்ளை பயந்துபோய் வேகத்தைக் கூட்டும், அப்புறம் கட்டை விரல் உள்ளே போகும் இடத்தில் எல்லாம் தடுக்கும். கிரேடு தேர்வு நடத்தும் லண்டன் டிரினிட்டி கல்லூரியின் பரீட்சையில் மூன்று பாட்டுக்கும் சேர்த்து நூற்றுக்கு 66 மதிப்பெண், தேற 60 வேண்டும், அங்கே கோட்டை விட்டால் ஸ்கேல் (சுர வரிசைப் பயிற்சி) எவ்வளவு சுத்தமாக வாசித்தும் பிரயோஜனமில்லை. ஆகவே முதலில் கனமான கட்டையுள்ள டிஜிட்டல் பியானோ ஒன்று வாங்குங்கள். பழைய மரப் பியானோ மலிவாக வருகிறது என்று யாராவது சொன்னால் யோசியுங்கள். நமக்கு ஜூனிலும் மழை, ஐப்பசியிலும் மழை, மரம் ஊதி அழுத்திய கட்டை மேலே வராமல் நிற்கும், கம்பி துருப்பிடிக்கும், டியூன் பண்ண ஆளை வெளியூரிலிருந்துதான் கூப்பிட வேண்டும்.

இசையமைப்பதற்கு இங்கே வாய்ப்பு இல்லாமலில்லை. கிறிஸ்துமஸ் வந்தால் புதுக் கரோல் கேட்பார்கள், சபை ஆண்டு விழாவுக்குக் கேட்பார்கள், கிடைப்பது பெரும்பாலும் சால்வையும் கேக்கும். ஆனால் எழுதியதை மறுநாளே நாற்பது பேர் பாடிக் கேட்கிற வாய்ப்பு சென்னையில் படிக்கிற பிள்ளைக்குக்கூட லேசில் கிடைக்காது, அதை விடச் சொல்லாதீர்கள்.

படிப்பு என்று கேட்டால், எட்டாம் கிரேடுக்கு மேல் டிப்ளமோ தேர்வுகள் இருக்கின்றன, சென்னையில் ஏ.ஆர்.ரஹ்மான் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி இருக்கிறது. கூடவே அஞ்சல் வழியிலாவது ஒரு பட்டம் எடுத்து வைக்கட்டும், பள்ளிக்கூட வேலைக்குக் கேட்பார்கள். சென்னைப் பியானிஸ்ட் அனில் ஸ்ரீனிவாசனைப் பாருங்கள், கச்சேரியும் வாசிக்கிறார், பள்ளிப் பிள்ளைகளுக்கு இசைக்கல்வித் திட்டமும் நடத்துகிறார்.

ஒரு விஷயம் இப்போதே அவளிடம் சொல்லிவிடுங்கள். மாணவர்கள் வருவது பள்ளி விட்டு, நாலு மணிக்கு மேல். கச்சேரி நடப்பதும் சாயங்காலம்தான், இரண்டும் மோதும், மோதும்போதெல்லாம் வகுப்பைத் தள்ளிவைத்தால் பெற்றோர் வேறு வாத்தியாரைத் தேடிப் போய்விடுவார்கள். காலை நேரம் மட்டும்தான் முழுக்கச் சொந்தம். அதிலும் "சும்மாதானே இருக்க, வங்கி வரைக்கும் போயிட்டு வா" என்று அனுப்புகிற வீடாக உங்கள் வீடு இருந்தால், அவள் வாசிப்பு ஆறாம் கிரேடிலேயே நிற்கும்.